துண்டுச் சீட்டு முதல் நொத்தாரிசின் சான்றுரை வரை: ஊவாவில் பணத்தின் வாயில்காப்போர்

பதுளை மாவட்டத்துத் தெமோதரைப் புகையிரத நிலையத்தை அறியாத மலையகத்தவர் இலர். எல்லவிலிருந்து வரும் இருப்புப்பாதை அந்நிலையத்தைக் கடந்ததும் மலையை வளைந்து சுற்றி இறங்கி, சற்று முன் வண்டி நின்ற அதே நிலையத்தின் அடியிற் குடையப்பட்ட சுரங்கத்தினூடே வெளிப்பட்டுப் பதுளை நோக்கிச் செல்கின்றது. 1894 இல் பண்டாரவளையை எட்டிய இப்பாதை பதுளையை அடைவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 ஆம் ஆண்டிலேயே பதுளைக்கு வண்டி ஓடலாயிற்று.

புகையிரதம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மலைச்சாரல்களுக்குத் தொழிலாளரும் அவர்கள் பெயரால் எழுதப்பட்ட கடனும் வந்து சேர்ந்துவிட்டன. கோப்பிக் காலத்திலும் அதனைத் தொடர்ந்த தேயிலைக் காலத்திலும் ஊவாவின் பெருந்தோட்டங்களிற் புழங்கிய பணம், உழைத்தவன் கைக்கு நேரே வந்ததில்லை. அதற்கும் அவனுக்கும் இடையே கணக்கெழுதுபவர், சீட்டெழுதுபவர், உறுதி முடிப்பவர் என ஒரு வரிசை நின்றது. இவ்வரிசையினர் பணத்திற்கு உடைமையாளர் அல்லர். ஆயினும் அவர்களின்றிப் பணம் ஓர் அடியும் நகர்ந்திலது.

சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள், கணக்காளர்கள் ஆகியோர் பணம் தூயதாக்கலுக்கு வழிவிடாதவாறு மேற்பார்வை செய்யப்படல் வேண்டும் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு கோட்பாடு. இதனைப் பாரிசிலும் கொழும்பிலும் அண்மையில் உருவான புதுமை எனக் கருதுவோர் பலர். இலங்கையின் சட்ட வரலாற்றை ஊவாத் தோட்டப்புறத்தின் வாழ்வோடு இணைத்து நோக்கின், இக்கோட்பாட்டின் வேர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையன என்பது புலனாகும். அவ்வரலாற்றை ஆராய்ந்து, அதனால் யார் காக்கப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கங்காணியும் துண்டும்

தோட்டத்து ஆட்சிமுறையில் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவருள் முதன்மையானவர் கங்காணி. தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் திரட்டுவதற்கென அவருக்குத் தோட்ட நிருவாகம் முற்பணம் வழங்கியது. கப்பற் கூலி, வழிச்செலவு, அரிசி, கம்பளி, ஊரில் விட்டுவந்த கடனைத் தீர்த்த தொகை எனப் பலவும் தொழிலாளியின் பெயரிற் பற்றாக எழுதப்பட்டன. நாள்தோறும் பெரட்டுக் களத்தில் நின்ற ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆட்கள் எத்துணைப் பெருகினரோ அத்துணை அவர் வருவாயும் பெருகிற்று. கடன் எத்துணை நீடித்ததோ அத்துணை ஆட்களும் அவரிடம் நிலைத்தனர்.

இம்முறையின் உச்சமே துண்டு எனப்பட்ட சீட்டு. ஒரு கங்காணி தம் கூட்டத்தாருடன் வேறு தோட்டத்திற்குப் பெயர விரும்பின், பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகை செலுத்தப்படுமாயின் இக்கூட்டத்தை விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவார். ஆட்பற்றாக்குறை மிக்க காலங்களிற் கூட்டத்தின் மீதான கடன், தோட்டத்திற்குத் தோட்டம் ஏறிச் சென்றது. ஏறிய தொகையிற் கங்காணி பெற்ற புதுமுற்பணமும் அடங்கும். தொழிலாளி பெற்றதும் அடங்கும். எது எவருடையது என்பதைப் பிரித்தறியத் துண்டில் இடமில்லை. கடன்பட்டவனாகக் கருதப்பட்ட தொழிலாளிக்கு அச்சீட்டைப் படிக்கத் தெரியாது. அதில் அவன் கையொப்பமும் இல்லை.

இன்று பணம் தூயதாக்கல் எனப்படும் குற்றத்தில் நிகழ்வது யாது? ஒரு தொகையின் தோற்றத்தை மறைத்து, அதனைப் பல கைகளினூடே செலுத்தி, இறுதியில் முறையான கணக்காக வெளிக்கொணர்தலே அது. துண்டு முறையிற் குற்றத்தால் ஈட்டிய பணம் இல்லை. ஆதலின் அதனை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. ஆயினும் அதன் இயக்கம் இதற்கு நெருங்கிய உறவுடையது. தோட்டத்திற்குத் தோட்டம் சென்ற சீட்டொன்று, ஒரு மனிதன் வாங்காத கடனை அவன் கடனாக்கியது. தெமோதரையின் இருப்புப்பாதை தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே மீண்டும் செல்வது போல, தொழிலாளி எத்தனை தோட்டம் மாறினும் பழைய கணக்கின் அடியிலேயே வந்து நின்றான்.

1908 இல் ஆய்ந்த தொழிலாளர் ஆணைக்குழு முதலாகப் பலரும் துண்டின் தீமைகளை எடுத்துரைத்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் சேமாபிவிருத்திச் சங்கத்திற்கு வழக்கறிஞரான பெரி சுந்தரம் செயலாளராகத் தொண்டாற்றினார். தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கனுப்பிய தண்டனை விதிகளுக்கு எதிராக அச்சங்கம் குரல் கொடுத்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. இவ்விடத்து ஓர் உண்மை நோக்கற்பாலது. சீட்டெழுதும் தொழிலின் தீமையைச் சட்டம் தடுத்தது. அத்தடைக்காகப் போராடியோருள்ளும் சட்டத்தொழில் புரிந்தோரே முன்னின்றனர். ஒரே தொழில் பூட்டாகவும் திறவுகோலாகவும் அமைதல் கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

கணக்கப்பிள்ளையின் ஏடு

துண்டு மறைந்த பின்னரும் கணக்கு மறையவில்லை. தோட்டத்திற் கணக்கப்பிள்ளை என்னும் பதவிப் பெயரே எழுத்தின் ஆற்றலை உணர்த்தும். செக்ரோலில் ஒரு தொழிலாளியின் பெயருக்கெதிரே நாளொன்றுக்கு இடப்படும் குறி, பேர் எனப்பட்டது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். முழுப்பேரும் அரைப்பேரும் கூடியே மாதச் சம்பளம் உருவாயிற்று. அதிலிருந்து அரிசிக்கும் முற்பணத்திற்கும் கழிவுகள் நீக்கப்பட்டன. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம் சம்பளத்தின் அளவை வரையறுத்தது. எனினும் அவ்வளவு உண்மையில் வழங்கப்பட்டதா என்பதற்கு ஏடே சான்று. ஏட்டிற்குக் கணக்கெழுதுபவரே சான்று.

கணக்காளர் தொழிலை ஒழுங்குபடுத்தும் முயற்சி நாட்டில் இதற்கு நெடுநாட் பின்னரே கைகூடிற்று. 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தாற் பட்டயக் கணக்காளர் நிறுவகம் நிறுவப்பட்டது. 1995 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு நியமங்களையும் கணக்காய்வு நியமங்களையும் சட்டவலுவுடையன ஆக்கியது. இவை யாவும் கம்பனியின் பங்காளரையும் கடன் கொடுத்தோரையும் முதன்மையாகக் கருத்திற் கொண்டவை. ஏட்டின் மறுபக்கத்திற் பெயராக மட்டும் நின்றவர் இவற்றின் நேர்ப் பார்வைக்குள் வரவில்லை.

நொத்தாரிசின் மூன்று கடமைகள்

காணி பற்றிய பணத்திற்கு வாயில்காப்போராக இலங்கைச் சட்டம் நிறுத்தியவர் நொத்தாரிசு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், காணியின் விற்பனையும் ஈடும் நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாவென விதித்தது. அதே ஆண்டிலேயே 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. கிராமத்தவர் உறுதியின்றி ஆண்ட காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியனவாகக் கொள்ள அது வழிவகுத்தது. இவ்விரு சட்டங்களையும் ஒருசேர நோக்கின், எழுத்துடையவன் காணியுடையவனாகவும் எழுத்தற்றவன் காணியற்றவனாகவும் ஆகிய வரலாறு தெளிவாகும்.

நொத்தாரிசுக்கு இத்துணை ஆற்றலை வழங்கிய சட்டம் அவரைக் கட்டுப்படுத்தவும் மறக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு அவருக்குரிய விதிகளை நிரல்பட வகுத்துள்ளது. அவற்றுள் மூன்று ஈண்டு சிறப்பாகக் குறிக்கத்தக்கன.

முதலாவது, ஆளை அறிதல். உறுதியில் ஒப்பமிடுபவரை நொத்தாரிசு தாமே அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் சாட்சிகள் இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். எழுத்தறியாதவருக்கு உறுதியை வாசித்து விளங்கப்படுத்துதலும் அவர் கடமை.

இரண்டாவது, பணத்தைக் காணுதல். உறுதியின் ஈற்றிலுள்ள சான்றுரையில், விலைப்பணம் தம் முன்னிலையிற் செலுத்தப்பட்டதா அன்றா என்பதையும், செலுத்தப்பட்டதாயின் அதன் அளவையும் அவர் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, அறிக்கையிடுதல். திங்கள்தோறும் தாம் முடித்த உறுதிகளின் பட்டியலையும் அவற்றின் இரட்டைப் பிரதிகளையும் அவர் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும்.

வாடிக்கையாளரை இனங்காணல், பணத்தின் போக்கை அறிதல், அதிகாரியிடம் அறிக்கையிடல் என இன்றைய அனைத்துலக விதிகள் கூறும் மூன்றும் இம்மூன்றின் வழித்தோன்றல்களே எனலாம். வேறுபாடு ஒன்று உண்டு. 1907 இன் நொத்தாரிசு, பணம் கைமாறியதா எனக் கேட்கக் கடமைப்பட்டவர். அது எங்கிருந்து வந்தது எனக் கேட்கக் கடமைப்பட்டவர் அல்லர். பணம் தம் முன்னிலையிற் செலுத்தப்படவில்லை என்றொரு வரி எழுதிவிட்டால் அவர் கடமை முடிந்தது. அவ்வொரு வரியின் பின்னே எத்தகைய பணமும் மறைந்து நிற்க இயலும்.

விலாசமும் வட்டியும்

ஊவாத் தோட்டங்களுக்கும் பதுளை, பண்டாரவளைக் கடைத்தெருக்களுக்கும் பணம் ஊட்டிய மற்றொரு மரபு நாட்டுக்கோட்டைச் செட்டிமாருடையது. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து இயங்கிய அவர்தம் தொழில், பேரேடும் ஐந்தொகையும் கொண்ட செம்மையான கணக்குமுறை உடையது. ஊரிலிருந்த முதலாளியின் பொருட்டு மேலாள் மூன்றாண்டுத் தவணைக்கு வந்து தொழில் நடத்தினார். தொழில் நடந்ததோ சில தலைப்பெழுத்துகளாலான விலாசத்தின் பெயரில். எழுத்துகளைக் கண்ட கடனாளிக்கு அவற்றின் பின்னிருந்த முதலாளி யார் என்பது தெரியவேண்டிய தேவை எழவில்லை, தெரியவும் இல்லை.

முதல் உலகப்போரின் இறுதியாண்டில் அரசு இவ்விடைவெளியை நோக்கியது. 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், பெயரின் பின்னுள்ள உரிமையாளரைப் பதியுமாறு கோரியது. அதே ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன்கொடுத்தற் கட்டளைச் சட்டம், கடன்கொடுப்போர் முறையான கணக்கேடு பேணல் வேண்டும் எனவும், கைச்சீட்டில் உண்மையாகக் கொடுத்த முதலையும் முன்கூட்டிக் கழித்த வட்டியையும் வட்டி வீதத்தையும் காட்டல் வேண்டும் எனவும் விதித்தது. நூறு ரூபாவுக்குச் சீட்டெழுதி வாங்கிக்கொண்டு எண்பது ரூபாவைக் கையிற் கொடுக்கும் வழக்கத்திற்கு எதிரான விதி இது. ஏட்டிலுள்ள தொகைக்கும் கையிலுள்ள தொகைக்கும் இடைப்பட்ட பொய்யைச் சட்டம் முதன்முறையாக நேருக்கு நேர் நோக்கியது எனலாம்.

1925 இன் நெருக்கடியும் 1930 இனை அடுத்த பொருளாதாரப் பெருமந்தமும் செட்டிமார் தொழிலைத் தளர்த்தின. 1934 இல் அறிக்கையிட்ட வங்கி ஆணைக்குழுவைத் தொடர்ந்து 1939 இல் இலங்கை வங்கி தோன்றிற்று. பணம் விலாசத்திலிருந்து வங்கிக்கு இடம்பெயரலாயிற்று. வங்கியை மேற்பார்வை செய்தல் அரசுக்கு எளிது. வங்கிக்கு வெளியே நின்றவர்களை மேற்பார்வை செய்தலே அரிது.

எல்லை கடந்த பணம்

1953 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாட்டுக்கு வெளியே பணம் அனுப்புதலை ஒடுக்கியது. கடலுக்கப்பால் உறவினரைக் கொண்ட தோட்டத் தொழிலாளருக்கு இது வாழ்வைத் தொடும் செய்தி. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேராகக் கணிக்கப்பட்டோருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். தாயகம் திரும்புவோர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தம் உடைமைகளை எடுத்துச் செல்லலாம் என்பதும், ஒரு குடும்பத்திற்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது என்பதும் 1964 இன் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

தலைமுறைகளின் உழைப்பு ஒரு படிவத்தில் அடங்கிய காலம் அது. படிவம் எழுதத் தெரியாதோர் எழுதத் தெரிந்தோரை நாடினர். சட்ட வழி குறுகிய இடத்து உண்டியல் வழி அகன்றது. ஒருவர் இங்குள்ள கடையில் ரூபாவைக் கொடுக்க, மறுகரையில் அதற்கிணையான தொகையை வேறொருவர் அவர் உறவினரிடம் சேர்ப்பார். பணம் கடலைக் கடப்பதில்லை. சொல் மட்டுமே கடக்கும். உண்டியலை நாடிய ஏழைத் தொழிலாளியின் நோக்கம் குடும்பத்தைக் காத்தல். ஆனால் அதே வழி வரியேய்ப்போனுக்கும் கடத்தற்காரனுக்கும் திறந்தே கிடந்தது. வழியைக் கொண்டு மட்டும் வழிச்செல்வோனைக் குற்றவாளி எனத் தீர்மானித்தல் இயலாது என்னும் சிக்கல் அன்றே எழுந்துவிட்டது.

மறைபணத்தை வெளிக்கொணர அரசு மேற்கொண்ட மற்றொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. 1970 இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபா நாணயத்தாள்களைச் செல்லாதனவாக்கினார். தாளைப் பிடித்தால் தாளுக்குரியவனைப் பிடிக்கலாம் என்பது இத்தகைய நடவடிக்கைகளின் அடிப்படை. இதே நம்பிக்கையோடு இந்தியா 2016 இல் 500 ரூபா, 1,000 ரூபாத் தாள்களை நீக்கியபோது, அவற்றுள் 99.3 வீதமானவை வங்கிக்குத் திரும்பிவிட்டன என இந்திய றிசேர்வ் வங்கி 2018 இல் அறிவித்தது. பெருஞ்செல்வம் தாளாக உறங்குவதில்லை. காணியாகவும் கம்பனிப் பங்காகவும் பிறர் பெயரிலுள்ள உடைமையாகவும் உருமாறியே வாழ்கின்றது. அவ்வுருமாற்றத்திற்கு உறுதி முடிப்பவரும் கணக்கு எழுதுபவரும் இன்றியமையாதவர்.

அனைத்துலக விதியும் இலங்கைச் சட்டமும்

இவ்வுண்மையை உலகம் படிப்படியாகவே ஏற்றுக்கொண்டது. 1989 இற் பாரிசில் ஏழு கைத்தொழில் நாடுகளின் முயற்சியால் நிதி நடவடிக்கைச் செயலணி தோன்றியது. 1990 இல் அது வெளியிட்ட நாற்பது விதப்புரைகள் போதைப்பொருட் பணத்தையும் வங்கிகளையும் முதன்மையாகக் கருதின. 2003 இன் திருத்தத்திலேயே சட்டத்தரணி, நொத்தாரிசு, கணக்காளர், காணித் தரகர், இரத்தின வணிகர் ஆகியோர் அவற்றின் வரம்புக்குள் வந்தனர். இவர்களை வாயில்காப்போர் என அழைக்கும் வழக்கு இக்காலத்தே பரவிற்று.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடற் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னதன்படி நிறுவப்பட்ட நிதியியல் உளவறிதற் பிரிவு இலங்கை மத்திய வங்கியில் இயங்குகின்றது. ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கலை இரண்டு வேலை நாட்களுக்குள் அப்பிரிவுக்கு அறிவித்தல் வேண்டும். அறிவித்ததை உரியவருக்கு வெளியிடலாகாது. காணி வாங்கல் விற்றல், வாடிக்கையாளரின் பணத்தையோ வங்கிக் கணக்கையோ நிருவகித்தல், கம்பனி அமைத்தல் முதலிய வேலைகளைச் செய்யும்போது சட்டத்தொழிலாளரும் கணக்காளரும் சட்டத்தின் வரம்புக்குட்படுவர். நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் பணி இவ்வரம்புக்குட்பட்டதன்று.

எனினும் ஏட்டிலிருந்த சட்டம் நடைமுறைக்கு வரப் பல்லாண்டுகள் சென்றன. 2017 இற் செயலணி இலங்கையைக் குறைபாடுடைய நாடுகளின் பட்டியலிற் சேர்த்தபோது, நிறைவேற்றுமாறு கேட்கப்பட்டவற்றுள் ஒன்று இத்தொழிலாளருக்குரிய வாடிக்கையாளர் ஆய்வு விதிகளை வெளியிட்டு மேற்பார்வை வழியாக நடைமுறைப்படுத்துதல். 2018 சனவரியில் அவ்விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2019 ஒக்டோபரில் இலங்கை அப்பட்டியலிலிருந்து நீங்கிற்று. பணத்திற்கு உண்மையில் உரியவர் யார், அது எவ்வாறு ஈட்டப்பட்டது என்னும் வினாக்கள், 1907 இன் நொத்தாரிசு கேட்கத் தேவையில்லாதிருந்த அதே வினாக்கள், இப்போது கடமையாயின.

இங்கே ஒரு முரண்பாடு எழுகின்றது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு, கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் கூறியதை வெளியிடுதல் ஆகாதெனக் காக்கின்றது. அப்பிரிவே சட்டவிரோத நோக்கத்திற்காகக் கூறப்பட்டதற்கு அக்காப்பு இல்லை எனவும் கூறுகின்றது. ஆயின் நோக்கத்தை அறிபவர் யார்? கனடாவின் உயர் நீதிமன்றம் 2015 இல் வழங்கிய தீர்ப்பு, சட்டத்தரணிகளின் பதிவேடுகளைத் தேடுவதற்கு இடமளித்த விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை எனக் கண்டது. இந்தியா 2023 மே மாதத்திற் கணக்காளரையும் கம்பனிச் செயலாளரையும் பணம் தூயதாக்கற் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தபோது வழக்கறிஞரைக் குறிப்பிடவில்லை. நம்பிக்கையின் அடிப்படையில் வாழும் தொழிலை ஐயத்தின் அடிப்படையில் மேற்பார்வை செய்தல் எங்ஙனம் என்னும் வினாவுக்கு நாடுகள் ஒரே விடை காணவில்லை.

அடையாளமற்றோரும் அடையாளம் கோரும் சட்டமும்

ஊவாவின் வரலாறு இவ்வினாவோடு மற்றொன்றையும் சேர்க்கின்றது. மேற்பார்வை விதிகள் அனைத்தும் ஆளை இனங்காணலில் தொடங்குகின்றன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்ட மக்களுக்கோ, அடையாளமே நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒன்றாயிருந்தது. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் ஏனையோர் அடையாள அட்டை பெற்ற பின்னரும் இவர்களுட் பலர் அதற்காகக் காத்திருந்தனர். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமுமே நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணர்ந்தன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், சேமலாப நிதியில் வேறொரு பெயர் என எழுத்தரின் கைப்பிழை மூன்று பெயராக்கிய ஒரு மூதாட்டி, வங்கியிலும் சட்டத்தரணியின் அலுவலகத்திலும் ஐயத்துக்குரியவராகின்றார். பல கம்பனிகளின் பின்னே மறைந்து நிற்கும் செல்வரோ செம்மையான ஆவணங்களோடு வருகின்றார். இனங்காணும் விதி யாரை நோக்கி இயற்றப்பட்டதோ அவரை விட்டு, யாரை நோக்காததோ அவரைத் தடுத்து நிறுத்தும் இடர் இதுவே.

மேலும், நூற்றைம்பது ஆண்டுகளாகக் காணியுரிமையற்று லயத்தில் வாழ்ந்தோர்க்கு நொத்தாரிசின் முன்னே செல்லும் தேவையே இருந்ததில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கோர் உறுதியும் என்னும் கோரிக்கை வலுப்பெற்று, ஓரளவு கைகூடத் தொடங்கிய இக்காலத்தில், இம்மக்கள் அவ்வாயிலை முதன்முறையாக அடைகின்றனர். உறுதியை வாசித்து விளங்கப்படுத்தல் என்னும் 1907 இன் விதி அவர்களுக்கே பெரிதும் உரியது. ஐயங்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட வாயில்காப்போன், விளங்கப்படுத்துமாறு பணிக்கப்பட்டவனும் தானே என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, இடைநிற்போரைக் கட்டுப்படுத்தும் சட்டம் எக்காலத்தும் தீங்கு விளைந்த பின்னரே வந்துள்ளது. துண்டு பல தலைமுறைகளைக் கடனில் ஆழ்த்திய பின்னரே 1921 வந்தது. உடைமையை மறைக்கும் கலை முதிர்ந்த பின்னரே 2018 வந்தது. இரண்டு, ஆளை அறிதலும் பணத்தைக் காணுதலும் அறிக்கையிடுதலும் இந்நாட்டுச் சட்டத்திற்குப் புதியன அல்ல; பணத்தின் தோற்றத்தை வினவுதலே புதியது. ஆதலின் இவ்விதிகளை வெளியார் திணித்த சுமையென ஒதுக்கும் தொழிலாளர் தம் சொந்தத் தொழிலின் வரலாற்றையே மறந்தவராவர். மூன்று, மேற்பார்வையின் வெற்றியை அனுப்பப்படும் அறிக்கைகளின் எண்ணிக்கை காட்டாது. ஏட்டிற் பெயராக மட்டும் நின்றவர் அவ்வேட்டைத் தாமே காணவும் வினவவும் முடிகின்றதா என்பதே அதன் அளவுகோல்.

துண்டில் எழுதப்பட்ட தொகையைத் தொழிலாளி ஒருநாளும் கண்டதில்லை. இன்று அவன் பேர்த்தி சட்டத்தரணியாகவும் கணக்காளராகவும் பல்கலைக்கழகத்தினின்று வெளிவருகின்றாள். அவள் கையில் வரும் முதல் உறுதியையும் முதல் பேரேட்டையும் இவ்வரலாற்றை அறிந்த கண்களோடு நோக்குவாளாயின், அதனினும் சிறந்த மேற்பார்வை வேறொன்று இராது.